கலைமேதை ஆனந்த குமாரசாமி

கலை வரலாற்றை ஒழுங்குபட்ட ஓர் அறிவுத் துறையாக வளர்த்தவர்களில் ஜெர்மானியர் முன்னணியில் நின்றனர். 1764-இல் விங்கல்மன் வெளியிட்ட பண்டைக் கலை வரலாறு அத்துறைக்குக் கால்கோள் இட்டது என்பர். ஆயின், அவர் கிரேக்கச் சிற்பத்தையே அழகின் உரைகல்லாகக் கொண்டார். அவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்த்த ஐரோப்பியர் பலருக்கு, நாற்கரமும் முக்கண்ணும் உடைய நம் திருமேனிகள் விகாரமாகவே தோன்றின. 1910-இல் இலண்டனில் நடைபெற்ற கூட்டமொன்றில் சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பார், இந்தியாவில் நுண்கலை என்பதே இல்லை என்றார். சாவகத்துப் புத்தர் படிமம் ஒன்றை அவித்த மாவுப் பண்டத்திற்கு ஒப்பிட்டார். இவ்விகழ்ச்சிக்கு நூல்களால் விடையிறுத்தவர்களுள் தலையாயவர் ஓர் ஈழத் தமிழரின் மைந்தர். அவரே ஆனந்த குமாரசாமி.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த கெந்திஷ் குமாரசாமி 1877 ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்துக் குமாரசாமி வழக்கறிஞர். இலங்கைச் சட்டசபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக ஆக்கி 1863-இல் வெளியிட்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருக்கு மருகர்கள். தாயார் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தவர். கெந்திஷ் என்னும் நடுப்பெயர் அம்மண்ணின் நினைவே.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன், 1879-இல் தந்தை மறைந்தார். பிள்ளை தாயாருடன் இங்கிலாந்தில் வளர்ந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900-இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கினார். தோரியனைட் என்னும் கதிரியக்கக் கனிமத்தைக் கண்டறிந்த பெருமையும் அவருக்குண்டு.

கல் தேடியவர் கலை கண்டார்

கனிமம் தேடி ஊர் ஊராகச் சென்றவரின் கண்ணில் வேறொன்று பட்டது. கொல்லரும் தச்சரும் குயவரும் நெசவாளரும் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய கைத்திறன், இறக்குமதிப் பொருளின் முன் நிற்கமாட்டாது நலிந்துகொண்டிருந்தது. கற்றவரோ தம் உடையையும் மொழியையும் இழிவெனக் கருதினர். 1906-இல் அவர் அமைத்த இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம், பள்ளிகளில் தாய்மொழிக்கு உரிய இடம் வேண்டும் என்று வற்புறுத்தியது. ஆங்கிலத்திலேயே வளர்ந்த ஒருவர் இதனை வற்புறுத்தினார் என்பது தமிழாசிரியர் நினைவில் கொள்ளத்தக்கது.

அவ்வாய்வின் பயனாக 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல் வெளிவந்தது. வில்லியம் மாரிசு பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அது அச்சாயிற்று. படிகள் 425 மட்டுமே.

இலக்கியப் பணி

அவர் கலை ஆய்வோடு அமையவில்லை. வடஐரோப்பியப் பழங்கவிதை ஒன்றையும், வித்யாபதியின் பாடல்களையும், பஞ்சாப், காஷ்மீர நாட்டுப் பாடல்களையும் ஆங்கிலத்தில் தந்தார். சகோதரி நிவேதிதை 1911-இல் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த புராணக்கதை நூலை அவரே நிறைவு செய்தார். அபிநய தர்ப்பணத்தை 1917-இல் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவுடன் இணைந்து மொழிபெயர்த்தார். தாமும் கவிதைகள் இயற்றினார்.

ஆடல்வல்லானும் தமிழ்ச் சான்றும்

தமிழர் அவருக்குப் பெரிதும் கடன்பட்டிருப்பது சிவன் ஆடலைப் பற்றிய கட்டுரைக்கே. 1912-இல் சித்தாந்த தீபிகையில் வெளிவந்த அக்கட்டுரை, 1918-இல் நியூயார்க்கில் அச்சான கட்டுரைத் தொகுதிக்குத் தன் பெயரையே தந்தது. அதில் அவர் காட்டும் சான்றுகளுள் திருமந்திரமும் உண்மை விளக்கமும் சிறப்பிடம் பெறுகின்றன. துடியில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், ஏந்திய தீயில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய பாதத்தில் அருளல் என ஐந்தொழிலையும் ஒரே உருவில் உலகினர்க்குக் காட்டினார். பண்டாரங்களும் ஓதுவார்களும் அறிந்திருந்த பொருள் அதன்பின் பாரிசுக்கும் பாஸ்டனுக்கும் தெரிந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. நடராசர் செப்புத் திருமேனிகள் 10-ஆம் நூற்றாண்டளவிலேயே சோழ நாட்டில் சிறந்து விளங்கின. உண்மை விளக்கமோ 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. பின்னைய நூலால் முன்னைய உருவை விளக்கலாமா என ஆய்வாளர் வினவினர். பழைய சாதியமைப்பை அவர் கைவினைக் கூட்டமைப்பாகக் கண்டு பாராட்டியதும், அதன் கொடுமையை உணர்ந்தோர்க்கு உடன்பாடன்று. மாணவர் இவற்றையும் அறிந்தே அவரைப் போற்றுதல் வேண்டும்.

கடல் கடந்த கருவூலம்

தாம் தேடித் தொகுத்த ஓவியங்களையும் சிற்பங்களையும் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமையுமாயின் அதற்கே அளிக்க அவர் முன்வந்தார். ஆதரவு கிட்டவில்லை. 1917-இல் அத்தொகுப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்தது; அவரும் அதன் இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராக அங்கே சென்றார். தன் செல்வத்தின் அருமையை உரியவன் உணராதபோது அதனைப் பிறர் பேணுகின்றனர் என்பதற்கு இது சான்று.

1927-இல் வெளிவந்த இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு நமக்கு மிக அணுக்கமானது. சுமத்திரா, சாவகக் கோயில்களையும் இந்தியக் கலையோடு சேர்த்து அதில் அவர் ஆராய்ந்தார். பாரிட் புந்தாருக்கு வடக்கே, கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிச் வேல்ஸ் பழங்கோயில் அடித்தளங்களை அகழ்ந்து கண்டது அதற்குப் பின்னர், 1930-களின் பிற்பகுதியில்தான். புத்தர் படிமம் கிரேக்கரிடமிருந்து வந்தது என்னும் கொள்கையையும் அவர் மறுத்து, மதுரா நகரச் சிற்பிகளின் பங்கை நிறுவினார்.

பணியிலிருந்து ஓய்வு பெற்று இமயச் சாரலில் வாழ விரும்பிய அப்பெரியார், அவ்விருப்பம் நிறைவேறாமலே 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் மாசசூசெட்சு மாநிலத்து நீடாமில் காலமானார். இந்தியா விடுதலை பெற்று ஒரு மாதமும் நிறையவில்லை.

தோட்டப்புறக் கோயில்களிலும் இல்லங்களிலும் நடராசர் படத்தை நம் சிறுவர் நாளும் காண்கின்றனர். தூக்கிய திருவடி எதனைக் குறிக்கின்றது என்று ஒரு பிள்ளை வினவினால், விடை கூறும் ஆசிரியர் திருமூலரை நினைக்கட்டும். உடன் ஆனந்த குமாரசாமியின் பெயரையும் அப்பிள்ளைக்குச் சொல்லட்டும்.