அறுவைக்குத் தப்பிய மூளைக்கூடு

மண்டையோட்டில் மூளை தங்கியிருந்த எலும்பறையை மூளைக்கூடு என்பர். விலங்கு மடிந்தபின் மூளை அழுகி மறைந்தாலும், அவ்வறைக்குள் புகுந்த சேறு இறுகிக் கல்லாகி, அறையின் உட்புற வடிவைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதுண்டு. உள்வார்ப்பு எனப்படும் அத்தகைய கல்லொன்றை, நோதோசாரஸ் என்னும் தொன்மையான கடல்வாழ் ஊர்வனவில் 1921இல் ஆராய்ந்த ஜெர்மானியப் பெண் அறிஞர் டில்லி எடிங்கரே தொல்மூளையியலைத் தனித்துறையாக நிலைநாட்டியவர்.

இயற்கை இவ்வாறு வார்த்துத் தருவது அரிதாதலால், ஏனையோர் வாளை எடுக்க நேர்ந்தது. ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பார்ன் 1912இல் டைரனோசாரஸ் ரெக்ஸின் மூளையறையை விவரிக்க முடிந்தது, நியூயார்க்கில் அதன் மூளைக்கூடொன்று நெடுக்குவாட்டில் அறுக்கப்பட்டதனால்தான். ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் சொல்லாஸ் கையாண்ட முறையோ இதனினும் கொடியது: புதைபடிவத்தைப் படலம் படலமாகத் தேய்த்து ஒவ்வொரு பரப்பையும் பதிவு செய்வார்கள், முடிவில் பதிவுகள் இருக்கும், புதைபடிவம் இராது.

1971இல் இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. பல கோணங்களில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, உட்பொருள்களின் அடர்த்தி வேறுபாட்டைக் கணினியால் கணக்கிட்டு, குறுக்குவெட்டுப் படங்களாக்கும் இந்த சி.டி. ஸ்கேன் முறை, உயிருள்ள மூளையைக் காண்பதற்கென்றே பிறந்து, மூளையே இல்லாத கூடுகளுக்கும் பயன்பட்டது விந்தைதான். ஆனால் பெருந்தலைகளின் கல்லை ஊடுருவ மருத்துவமனைக் கருவியின் ஆற்றல் போதாது. ஆகவே 'சூ' என்று பெயர் பெற்ற டைரனோசாரஸின் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீள மண்டையோடு, கலிஃபோர்னியாவில் போயிங் நிறுவனத்தின் ராக்கெட்டைன் ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கு கிடைத்த 700க்கும் மேற்பட்ட வெட்டுப்படங்களைக் கொண்டு, கிறிஸ்டோபர் புரோஷு 2000இல் கணினி உள்வார்ப்பை வெளியிட்டார். அதில் மணத்தை உணரும் முகர்குமிழ்கள் பெரியனவாகத் தெரிந்தன. அவை அவ்வளவு பெரியனவல்ல என்று பின்வந்த ஆய்வாளர்கள் திருத்தி மதிப்பிட்டனர்.

இத்திருத்தம் வியப்புக்குரியதன்று. பறவைகளில் மூளை கூட்டை நிறைத்து நிற்கும். ஊர்வன பலவற்றில் அவ்வாறில்லை. நியூசிலாந்தின் டுவாட்டாராவில் அது பாதியிடத்தையோ அதற்கும் குறைவாகவோதான் நிரப்புகிறது. எனவே உள்வார்ப்பின் கன அளவை அப்படியே மூளையின் அளவாகக் கொள்வது பிழை. தலை திரும்புவதை உணர்த்தும் உட்செவியின் அரைவட்டக் குழல்கள் எலும்பிலேயே பதிந்திருப்பதால், அவை தரும் சான்று இதனினும் உறுதியானது.

சூவின் மண்டையோடு இன்று அறுபடாமல் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலும்புக்கூட்டின்மேல் ஏற்றி நிறுத்த முடியாத எடையாதலால், அங்கே வார்ப்பு நகலைப் பொருத்தி, உண்மைத் தலையைத் தனியே வைத்திருக்கிறார்கள்.