பூன் லே குன்றுகளும் நடந்தவர் பாதைகளும்



விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நிரை நிரையாகப் பால் வெட்டி, வாளி சுமந்து திரும்பும் தோட்டப் பாட்டாளிக்கு நடை என்பது பொழுதுபோக்கு அன்று. அது அவருடைய வேலையின் பாதி. லயத்திலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து பள்ளிக்கு, அங்கிருந்து சடக்குக்கு என்று பாட்டன் காலம் தொட்டு மிதித்த ஒற்றையடிப் பாதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அந்தப் பாதைகள் யாருக்குச் சொந்தம்? நிலத்தை வாங்கியவருக்கா, நடந்தவருக்கா? இக்கேள்விக்கு உலகின் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக விடை கிடைத்திருக்கிறது. ஒன்று சிங்கப்பூரின் மேற்கிலுள்ள பூன் லே. மற்றொன்று இங்கிலாந்தின் நாட்டுப்புறம்.

முதலில் பூன் லேயைப் பார்ப்போம். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும், தொழிற்சாலைகளும், 1990ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விரைவு ரயில் நிலையமும் இருக்கின்றன. ஆனால் அது ஜூரோங் எனப்படும் பெரும் பகுதியின் ஒரு துண்டு. ஒரு காலத்தில் ஜூரோங் முழுவதும் ஏற்றமும் இறக்கமுமான சிறு குன்றுகளும், அவற்றுக்கு இடையே சதுப்பு நிலமும், ஆற்றோரத்தில் அலையாத்திக் காடும் நிறைந்த பூமியாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியானவர்கள் அந்தக் குன்றுகளில் கேம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். கேம்பியர் என்பது வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை ஒத்த பொருள். தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் பயன்பட்டது. அதன் இலையைக் கொப்பரையில் காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்காகச் சுற்றிலும் இருந்த காடு வெட்டப்பட்டது. மண்ணும் சில ஆண்டுகளில் சத்திழந்தது. பயிரிட்டவர்கள் அந்த இடத்தைக் கைவிட்டு வேறிடம் சென்றார்கள். அங்கே லாலான் புல் மண்டியது.

அதன் பிறகு வந்தது ரப்பர். 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்ற ஆங்கிலேயர், மரம் பட்டுப்போகாதபடி பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். மோட்டார் வண்டி பெருகியதும் ரப்பரின் விலை ஏறியது. மலாயாவெங்கும் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாக மாறின. ஜூரோங் குன்றுகளும் அவ்வாறே மாறின. அங்கே பெருநிலம் வைத்திருந்த சீன வணிகர்களுள் ஒருவர் சூ பூன் லே. ஹோ ஹோ பிஸ்கட் தொழிற்சாலையை நிறுவியவரும் அவரே. முதலில் கேம்பியரும் பின்னர் ரப்பரும் விளைந்த அவருடைய நிலத்தின் நினைவாகவே அப்பகுதிக்குப் பூன் லே என்ற பெயர் நிலைத்தது.

தோட்டம் இருந்த இடத்தில் பாதையும் இருந்தது. பால் மரங்களுக்கு இடையே, கம்பத்திலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கடைக்கும் மக்கள் நடந்தார்கள். ஆனால் அவை தோட்டத்துக்குள் ஓடிய பாதைகள். நிலம் கைமாறினால் பாதையும் கூடவே கைமாறும்.

அப்படி ஒரு பெரும் மாற்றம் 1961ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போது சிங்கப்பூரில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. ஆண்டுதோறும் பள்ளியை விட்டு வெளிவரும் இளைஞர்களுக்கு வேலை தேட வேண்டிய நிலை. நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங்கில் ஒரு தொழிற்பேட்டை அமைக்க முனைந்தார். மண்வாரி இயந்திரங்கள் குன்றுகளை வெட்டின. வெட்டிய மண் சதுப்பு நிலங்களில் கொட்டப்பட்டது. மேடு பள்ளமாகக் கிடந்த நிலம் சமதளமாயிற்று. தொடக்கத்தில் ஆலைகள் விரைந்து வரவில்லை. 'கோவின் மடமை' என்று பலர் எள்ளி நகையாடினர். 1963இல் தேசிய இரும்பு எஃகு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. பிறகு ஆலைகள் பெருகின. பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது.

ஆகவே, குன்று போனதே என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமாகாது. பசித்தவனுக்கு முதலில் வேண்டியது சோறு. எனினும், குன்றோடு சேர்ந்து போனவற்றையும் கணக்கில் எழுத வேண்டும் அல்லவா? எந்த மேட்டில் எந்தத் தோட்டம் இருந்தது, எந்த வழியாகப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தார்கள் என்பதைச் சொல்ல இன்று அங்கே நிலமே சாட்சியாக இல்லை. ஜாலான் பூன் லே போன்ற தெருப்பெயர்களே மிஞ்சியிருக்கின்றன.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். நம் தோட்டங்களுக்குத் துரைமார்கள் வந்த நாடு அது. அங்கே ஏழைகள் எல்லாரும் விரும்பிய வழியில் நடக்க முடிந்ததா? இல்லை. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஊர்ப் பொது நிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களின் மூலம் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமை ஆயின. நிலமிழந்த குடியானவர்களில் பலர் நகரத்து ஆலைகளுக்குச் சென்றனர். மான்செஸ்டர் பருத்தி ஆலைகளின் புகையில் ஆறு நாள் உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்று ஒன்றே ஆறுதல். ஆனால் அருகிலிருந்த மலைவெளிகளைச் செல்வர்கள் பறவை வேட்டைக்கென அடைத்து வைத்து, காவலரும் போட்டிருந்தனர்.

1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், சுமார் 400 பேர், பெரும்பாலும் இளந்தொழிலாளர்கள், கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில் தடையை மீறி நடந்தனர். அவர்களை நடத்திச் சென்றவர் பென்னி ராத்மன் என்ற இளைஞர். காவலரோடு கைகலப்பு ஏற்பட்டது. அவர் உட்பட ஐந்து பேர் சிறை சென்றனர். நடந்ததற்காகச் சிறையா என்று நாடெங்கும் பேச்சு எழுந்தது.

அதே 1932ஆம் ஆண்டில் நடைவழி உரிமை பற்றி ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. ஒரு பாதையில் மக்கள் 20 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்து வந்திருந்தால், நிலத்துக்காரர் அதை மறுத்ததற்குச் சான்று இல்லாதபோது, அதைப் பொதுவழியாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். 1949ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய பாதைகளை வரைபடத்தில் குறித்து வைக்கும் கடமையை வட்டார மன்றங்களுக்கு அளித்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், மலைவெளிகளிலும் புதர்வெளிகளிலும் மக்கள் நடமாட வழி திறந்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் பொது நடைவழிகள் உள்ளன. அவை உழவனின் வயலூடேயும், சோலையூடேயும், ஊர்க்கோயில் மதிலோரமாகவும் செல்கின்றன. நிலம் அவனுடையதுதான், நடக்கும் உரிமை ஊராருடையது. நடப்பவரும் படலைச் சாத்திவிட்டு, பயிரை மிதிக்காமல் செல்ல வேண்டும்.

இரு நாடுகளையும் ஒப்பிடும்போது ஒன்று விளங்குகிறது. இங்கிலாந்தின் பாதைகள் பிழைத்ததற்குக் காரணம் அவற்றின் அழகு மட்டுமன்று. நடந்தவர்கள் தாங்கள் நடந்ததை எடுத்துச் சொன்னார்கள். அது எழுத்திலும் படத்திலும் ஏறியது.

சிங்கப்பூரிலும் பிற்காலத்தில் இந்த எண்ணம் வலுப்பெற்றது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயா ரயில் பாதை 2011ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இயற்கை ஆர்வலர் கேட்டுக்கொண்டபடி, அந்த 24 கிலோமீட்டரும் வெட்டுப்படாத பசுமை நடைவழியாகக் காக்கப்படுகிறது. மலாயா ரயில்வேயில் தமிழர்கள் பெருந்தொகையாய் உழைத்ததை நாம் அறிவோம். அவர்கள் வியர்வை சிந்திய வழியில் இன்று குடும்பங்கள் உலாவுகின்றன. பூன் லேக்கு அருகிலுள்ள ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து வடகிழக்குக் கரை வரை 36 கிலோமீட்டர் நடைவழி ஒன்றும் 2019இல் அமைந்தது.

இலங்கை மலையகத்திலோ, தேயிலை ஏற்றிச் சென்ற பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, கண்டியருகே ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை சுமார் 300 கிலோமீட்டர் நீளமான பீக்கோ நடைவழியை உருவாக்கியிருக்கிறார்கள். கொழுந்துக் கூடையோடு நம்மவர் ஏறி இறங்கிய வழியைக் காண அயல்நாட்டார் வருகின்றனர்.

நேயர்களே, தோட்டங்கள் இன்றும் கைமாறுகின்றன, துண்டாடப்படுகின்றன, வீட்டு மனைகளாகின்றன. உங்கள் தோட்டத்துப் பாதைகளின் பெயர்கள் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. எந்த வழி கோயிலுக்குச் சென்றது, எது சுடலைக்குச் சென்றது, எந்த ஆண்டிலிருந்து மக்கள் அதில் நடக்கிறார்கள் என்பதை அவர்களிடம் கேட்டு, பள்ளிப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி, படமும் வரைந்து வைக்கட்டும். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். எனினும், நாளை ஒரு வேலி வரும்போது, "நாங்கள் இந்த வழியில் நடந்தோம்" என்று சொல்வதற்கு அந்த நோட்டு கையில் இருக்கும். பூன் லேயின் குன்றுகளில் நடந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமற் போயிற்று. நமக்கு இன்னும் இருக்கிறது.