நாமினேஷன்: பெயர் முன்வைத்தலும் நியமித்தலும்

ஒருவரின் பெயரைப் பதவிக்கோ விருதுக்கோ பிறர் முன்வைப்பதையும், சில இடங்களில் அவரை அப்பதவியில் நேரடியாக அமர்த்துவதையும் ஆங்கிலத்தில் நாமினேஷன் என்ற ஒரே சொல் குறிக்கிறது. பெயர் என்று பொருள்படும் 'நோமென்' என்ற லத்தீன் சொல் இதன் வேர். வினைக்குப் பின் வரும் சிறு சொல்லைக் கொண்டுதான் ஆங்கிலம் பொருளைப் பிரிக்கிறது: விருதுக்கு என்றால் 'ஃபார்', வேட்பாளராக என்றால் 'ஆஸ்', குழுவுக்கோ அவைக்கோ என்றால் 'டு'. முதல் இரண்டிலும் முடிவு இன்னும் வரவில்லை. மூன்றாவதில் முடிவு வந்துவிட்டதா என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒருவரின் பெயரைச் சொன்னால் செனட் ஒப்புதல் தர வேண்டும். இந்தியக் குடியரசுத் தலைவர் மாநிலங்களவைக்குப் 12 பேரின் பெயரைச் சொன்னால் அவர்கள் உறுப்பினர்களே. தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபு செய்து முடிக்காது. சொல்லே மாற வேண்டும். முன்மொழிவு, பரிந்துரை, வேட்புமனு, நியமனம் எனத் தனித்தனிச் சொற்கள் நம்மிடம் இருப்பது அதனால்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் 'பரிந்துரை' போதும் என்ற வழக்கம் செய்தித் தமிழில் ஊன்றி வருகிறது. பெயரைச் சொல்பவர் யார், முடிவு செய்பவர் யார் என்ற வேறுபாட்டையே அழித்துவிடுவதால் அது கைவிடப்பட வேண்டிய வழக்கம்.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவர், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டவர், வேதம் கற்றவர் ஆகியோரின் பெயர்களே ஒவ்வொரு குடும்பிலும் ஓலையில் எழுதப்பட்டன. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய தந்தை, மகன், மாமனார், மைத்துனர், மருமகன் வரை உறவினரும் விலக்கப்பட்டனர். ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டியே வாங்கிப் படிக்க வேண்டும். கைக்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! இப்படிக் குடும்புக்கு ஒருவராக வந்த 30 பேரிலிருந்து ஆண்டு வாரியத்துக்குப் 12, தோட்ட வாரியத்துக்குப் 12, ஏரி வாரியத்துக்கு 6 பேர் அமைந்தார்கள். பதவிக்காலம் 360 நாள்.

பெயரை ஓலையில் எழுதும் செயலைக் கல்வெட்டு 'பேர் தீட்டுதல்' என்கிறது. லத்தீன் வேரின் பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்த் தொடர் எனக்குத் தெரிந்து வேறில்லை. பேர் தீட்டப்பட்டவர் வாரியப் பெருமக்களில் ஒருவர் ஆகிவிடவில்லை. அவர் குடத்துக்குள் இருந்தார், அவ்வளவே. தீட்டுவதற்குத் தகுதி வேண்டும், எடுப்பது சிறுவன் கை, படிப்பது மத்தியஸ்தன். மூன்றும் மூன்று செயல்கள், மூன்று பேர் பொறுப்பு. இது பிராமணர் சபைக்குள் மட்டும் நடந்த குலுக்கல், இன்றைய தேர்தலுக்கோ விருதுக்கோ எப்படி முன்மாதிரியாகும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நிலமில்லாதவரும் பெண்களும் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றார்கள். அதை மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. ஆனால் இங்கே அந்தக் கல்வெட்டு சாட்சி சொல்வது மக்களாட்சிக்கு அல்ல. பெயர் முன்வைப்பதும் முடிவு செய்வதும் ஒருவர் கையில் சேரக் கூடாது என்ற எண்ணத்தையும், அவற்றை வேறு வேறு சொற்களால் சுட்டும் பழக்கத்தையும் அது ஐயமின்றிக் காட்டுகிறது.

தேர்தல் தமிழ் இந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் காத்துவருகிறது. ஆங்கிலத்தில் நாமினேஷன் தாள் என்பதைத் தமிழில் வேட்புமனு என்கிறோம். ஆங்கிலச் சொல்லில் பெயர் சொல்லும் மற்றவர் முன்னால் நிற்கிறார். தமிழ்ச் சொல்லில் விரும்பும் வேட்பாளரே நிற்கிறார். 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இரண்டையும் கேட்கிறது: வேட்பாளரின் இசைவும் வேண்டும், முன்மொழிபவரின் கையெழுத்தும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும்; சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும்.

நியமனம் வேறு வகை. அரசியலமைப்பின் 171 ஆம் பிரிவின்படி சட்ட மேலவையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை ஆளுநர் நியமிப்பார். இலக்கியம், அறிவியல், கலை, சமூகத் தொண்டு ஆகியவற்றோடு கூட்டுறவு இயக்கமும் அதற்குரிய துறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 1952 இல் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிட்டாதபோது, ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமித்தார், ராஜாஜி முதலமைச்சரானார். அதை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. அன்று எழுந்த சர்ச்சை முழுவதும் 'நியமனம்' என்ற சொல்லில் அடங்கியிருந்தது. அதைப் பரிந்துரை என்று எழுதினால் எதிர்ப்பு எதற்கு என்றே படிப்பவருக்கு விளங்காது. காஞ்சிபுரத்துக் கோயில்களுக்கு அறநிலையச் சட்டப்படி அறங்காவலர் அமர்த்தப்படுவதும் நியமனமே. அந்த இடத்தில் பொதுவாக வழங்கும் சொல்லும் அதுவே.

குழப்பம் மிகுந்திருப்பது விருதுகளில். 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'கூழாங்கல்' ஆகிய படங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டன. எதுவும் இறுதிப் போட்டிக்குத் தெரிவாகவில்லை. ஏ.ஆர். ரகுமானோ 2009 இல் மூன்று இடங்களில் இறுதிப் போட்டியில் இருந்து இரண்டு விருதுகளை வென்றார். முன்னதும் பின்னதும் ஒன்றுபோல 'ஆஸ்கருக்குப் பரிந்துரை' என்று எழுதப்படும்போது, நாடு அனுப்பியதும் ஆஸ்கர் வாக்காளர்கள் தெரிந்தெடுத்ததும் ஒன்றாகிவிடுகின்றன. காஞ்சிபுரம் நெசவாளர் வாழ்க்கையைச் சொன்ன 'காஞ்சிவரம்' சிறந்த படத்துக்கும் சிறந்த நடிகருக்கும் தேசிய விருது பெற்றது. அந்த விருதுக்கோ தயாரிப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும், இடைப் பட்டியல் என்று எதுவும் அறிவிக்கப்படுவதில்லை. ஆகவே தேசிய விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம் என்பது பொருளற்ற தொடர். பத்ம விருதுகளுக்கு ஒருவர் தம் பெயரைத் தாமே அனுப்பலாம். நோபலில் அது செல்லாது. நோபலுக்குப் பெயர் சொல்லும் தகுதி உலகெங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு உண்டு. காந்தியின் பெயர் ஐந்து ஆண்டுகளில் முன்மொழியப்பட்டது. குழு ஒருமுறையும் பரிசளிக்கவில்லை.

சூழலைக் கொண்டு படிப்பவர் புரிந்துகொள்வார், ஒரு சொல்லே இருந்தால் எளிமைதானே என்பது வலுவான எதிர்வாதம். ஆங்கிலம் அப்படித்தான் காலம் தள்ளுகிறது. ஆனால் ஆங்கிலத்துக்கு முன்னிடைச் சொற்கள் துணை நிற்கின்றன. நமக்கு அந்தத் துணை இல்லை. 'விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்' என்ற தொடர், நண்பர் எழுதிய கடிதத்துக்கும் பொருந்தும், நடுவர் வெளியிட்ட பட்டியலுக்கும் பொருந்தும். சொல்லின் சாயலும் ஒரு குறை. பரிதல் என்பது ஒருவர் பக்கம் நின்று பேசுவது. சிபாரிசு என்ற சொல்லின் நிழல் அதன்மேல் இன்னும் விழுகிறது. நெய்த சேலையைச் சான்றாக வைத்து விருதுக்கு விண்ணப்பிக்கும் காஞ்சிபுரத்து நெசவாளியை 'பரிந்துரைக்கப்பட்டவர்' என்று எழுதினால், அவருடைய தறி செய்த வேலை யாரோ செய்த தயவாக மாறிவிடுகிறது. விண்ணப்பித்தார், பெயர் முன்மொழியப்பட்டது, இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார், நியமிக்கப்பட்டார் என்று நடந்ததை நடந்தபடி எழுதத் தமிழில் தடையில்லை.

இதே வேரிலிருந்து வந்த 'நாமினி' என்ற சொல்தான் வீட்டுக்குள் அதிகம் புழங்குகிறது. வங்கிப் படிவத்தில் அதை 'வாரிசு' என்று படித்துக்கொள்பவர் பலர். நியமனதாரர் என்பதே சரி: வங்கி வைப்பைப் பொறுத்தவரை பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ள உரிமை பெற்றவர் அவர், அதன்பின் அது சட்டப்படியான வாரிசுகளுக்குரியது. ஆயுள் காப்பீட்டிலும் உச்ச நீதிமன்றம் 1983 இல் இதையே சொன்னது. 2015 ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் நியமனதாரராக இருந்தால் நிலை வேறு. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கு முன் அங்கே எழுதுவது வாங்குபவரின் பெயரா, உரியவரின் பெயரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.