படம் கிழியாமல் காத்த தாழ்ப்பாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டி.வி. பார்த்தவர்களுக்கு ‘ஹோல்டு’ குமிழ் நன்றாக நினைவிருக்கும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. வேலூர் அங்கிருந்து சுமார் 140 கி.மீ.; ஆம்பூர் இன்னும் 50 கி.மீ. மேற்கே. மாடியில் உயரமாகக் குழாய் நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டரும் வைத்தால்தான் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தெரியும். தெருவில் ஒரு டி.வி.எஸ். 50 போனால் திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும். ஆனாலும் படம் பெரும்பாலும் கிழியாமல் நின்றது. அதற்குக் காரணமான சிறு சர்க்யூட்டின் பெயர் பேஸ் டிடெக்டர்.

பழைய டி.வி.யில் படம் கோடு கோடாக வரையப்படும். ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். ஆக விநாடிக்கு 15,625 கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ‘இப்போது தொடங்கு’ என்று நிலையம் ஒரு துடிப்பை அனுப்பும். ஆரம்பகால டி.வி.கள் அந்தத் துடிப்பு வந்தவுடன் கோட்டைத் தொடங்கின. வண்டியின் பிளக் பொறியையும் துடிப்பு என்று நம்பித் தவறான இடத்தில் தொடங்கிவிடும். படம் கிழியும்.

ஒவ்வொரு கட்டளைக்கும் உடனே கீழ்ப்படியாமல், பலவற்றை ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்வதுதான் இதற்கு மருந்து. ஒப்பிடுவது என்றால் என்ன? நம் டேனரிகளில் இரண்டு ஜெனரேட்டர்களை இணைக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது எளிது. சுவிட்சின் இரு பக்கங்களுக்கும் நடுவே பல்புகளைப் போடுவார்கள். இரு இயந்திரங்களும் ஒத்துப் போகாதபோது பல்புகள் எரிந்து எரிந்து மங்கும். மூன்றும் அணைந்து நிற்கும் நேரத்தில் சுவிட்சைப் போடுவார்கள். அங்கே பேஸ் டிடெக்டர் மனிதனின் கண்தான். ஆனால் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று அந்த அணைந்த பல்புகள் சொல்லாது.

டி.வி.யில் இருப்பது அதையும் சொல்லும். கோடு வரையும் ஆஸிலேட்டரிலிருந்து ரம்பப் பல் போல ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தம் வரும். நிலையத்தின் துடிப்பு வரும் கணத்தில் இரண்டு டையோடுகள் கதவு போலத் திறந்து, அந்தப் பல் அப்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கும். சரியாக நடுவில் இருந்தால் விடை பூஜ்யம். துடிப்பு முந்தினால் ஒரு குறி, பிந்தினால் எதிர்க்குறி. இந்த விடையை ஒரு ரெசிஸ்டரும் கண்டென்சரும் பல கோடுகளுக்குச் சராசரியாக்கி ஆஸிலேட்டரிடம் கொடுக்கும். அது சற்றே வேகம் கூட்டும் அல்லது குறைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கனமான தோல் டிரம்மை ஒரு குச்சியால் தட்டினால் அதன் வேகம் மாறுமா? அதுபோல ஒரு டி.வி.எஸ். 50-ன் பொறி இதை அசைக்காது.

இந்த எண்ணத்தை 1932-லேயே பிரான்சில் வெளியிட்டவர் ஆன்றி தெ பெல்சீஸ் என்ற பொறியாளர். ‘லோந்த் எலெக்ட்ரிக்’ என்ற இதழில் ரேடியோவுக்காக எழுதினார். ரேடியோவுக்குள் இருக்கும் ஆஸிலேட்டர் நிலையத்தின் அலையிலிருந்து விலகினால், அதைத் தானாகவே இழுத்து நிறுத்துவது அவர் வழி. வால்வு காலத்தில் அது விலை கூடியது. எளிய வேறு முறை போதுமானதாக இருந்தது. ரேடியோக்காரர்கள் ஏற்கவில்லை.

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த மொழியில் இதற்கு வைத்த பெயர் பிடிக்கும்: ‘பூக்ல் அ வெரூயாஜ் தெ ஃபாஸ்’. ‘வெரூ’ என்றால் தாழ்ப்பாள். ஆங்கிலத்தில் பேஸ் லாக்டு லூப். இரண்டு ஓட்டங்களைச் சேர்த்துத் தாழ் போடுவது.

தாழ்ப்பாளுக்கு மறுவாழ்வு கொடுத்தது டி.வி. 1943-ல் அமெரிக்காவில் வெண்ட், ஃப்ரெடென்டால் என்ற இருவர் டி.வி.யின் கோடுகளை இப்படிப் பூட்டும் முறையை வெளியிட்டார்கள். பலவீனமான சிக்னலிலும் படம் நின்றது. நிலையத்திலிருந்து தொலைவில் இருந்த நம்மைப் போன்ற ஊர்களுக்கு அதுவே பெரிய உதவி.

1982-ல் வண்ணம் வந்தபோது இதன் பொறுப்பு இன்னும் கூடியது. அன்றைய வண்ண டி.வி.யில் நிறமே பேஸில்தான் அடங்கியிருந்தது. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் நிலையம் ஒரு சிறு மாதிரி அலையை அனுப்பும், டி.வி.க்குள் இருக்கும் கிரிஸ்டலை அதனுடன் சேர்த்துப் பூட்டுவது இன்னொரு பேஸ் டிடெக்டர். பூட்டு விட்டால் சேலையின் சிவப்பு சிவப்பாக இருக்காது.

1970-ஐ ஒட்டி முழுச் சர்க்யூட்டும் ஒரே சிப்பில் அடங்கி மலிவானது. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள்ளும் இது இருக்கிறது. பெல்சீஸ் எழுதியபோது வாங்க ஆளில்லை. வேலை செய்யும் ஒரு நல்ல யோசனை, மலிவாகும் நாள் வரை காத்திருந்தது, அவ்வளவுதான்.