இடையில் நின்றவரின் கையில் எஞ்சுவது

ஆங்கிலம் கற்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் நம்மில் ஏராளம். இலக்கண விதிகளை மனனம் செய்தோம். சொற்பொருளை ஏடு ஏடாக எழுதினோம். ஆண்டுகள் சில கழிந்தபின், மருந்துப் புட்டியின் மேலுள்ள குறிப்பைக்கூட வாசிக்க இயலாமல் நிற்கிறோம். குறை மாணவனுடையதா, பாடத்தினுடையதா?

இக்கேள்வியை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் வங்காளத்தில் எழுப்பியவர் மைக்கேல் வெஸ்ட். ஆங்கில அரசின் கல்வி அலுவலராக வந்து, டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். அங்கே பள்ளிப் பிள்ளைகளில் பலர் படிப்பை முடிக்காமலே விலகுவதை அவர் கண்டார். காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைப்பவருக்கும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறது. அதுபோல, படிப்பை இடையில் விடும் மாணவனுக்கும் பயன் எஞ்சுகிறதா என்று கேட்டார். வங்காளத்தின் இருமொழிக் கல்வி குறித்து 1926இல் வெளிவந்த அவரது நூலின் மையக் கேள்விகளுள் இதுவும் ஒன்று.

பழைய பாடநூல்களை ஆராய்ந்தபோது இரு குறைகள் தெரிந்தன. முதலாவது, வழக்கொழிந்த சொற்கள் அவற்றில் மிகுந்திருந்தன. இரண்டாவது, புதிய சொற்கள் ஒரே நேரத்தில் வந்து குவிந்தன. மீண்டும் கண்ணில் படுவதற்குள் மறந்துபோயின. எனவே அவர் கதைகளைத் திருத்தி எழுதினார். தீவைக் குறிக்கும் 'ஐல்' என்பதை நீக்கி 'ஐலண்ட்' என்றார். 'நாட்' என்பதை 'நத்திங்' ஆக்கினார். புதுச்சொற்களை இடைவெளிவிட்டுப் புகுத்தி, அடுத்தடுத்த வரிகளில் அவற்றையே திரும்பத் திரும்ப வரச் செய்தார்.

1935இல் அவர் வெளியிட்ட அகராதி, சுமார் 24,000 பதிவுகளை 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. 1953இல் வந்த பொதுப்பயன் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் இருந்தன. ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது மிகுதியாக வழங்குகிறது என்பதையும் அது விழுக்காட்டில் காட்டியது. எதை முதலில் கற்பிப்பது என்று ஆசிரியர் அறிய அது துணையாயிற்று.

அவர் ஆட்சியாளரின் ஊழியர்தாம். எனினும் பயனுள்ள அறிவை எவரிடமிருந்தும் பெறலாம். உண்மையில் இம்முறை நமக்கு அந்நியமானதன்று. ஹிஃப்ழு வகுப்பில் பழைய பாடத்தை ஒப்புவிக்காத பிள்ளைக்கு நாம் புதிய பாடம் கொடுப்பதில்லை. அதே பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கும்போது மட்டும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு ஓடுகிறோம். நேற்றைய சொற்களை இன்றைய வாக்கியத்தில் அமைக்கச் செய்வதில்லை. இறந்தகால வினை தடுமாறுகையில் எதிர்காலத்திற்குத் தாவுகிறோம்.

நம் மதரஸாக்களிலும் வறுமையால் இடையில் விலகும் பிள்ளைகள் உண்டு. அவர்களை எப்போதும் நம்மால் தடுத்து நிறுத்த இயல்வதில்லை. ஆனால், வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க இயலும். நாள்தோறும் ஐந்து புதுச்சொற்கள் போதும். அவற்றுடன் பழைய சொற்கள் இருபதை மீட்டுப் பார்ப்போம். அந்தப் பிள்ளை எந்நாளில் விலகினாலும், அந்நாள்வரை கற்றது அவனுக்குப் பயன்படட்டும். அதுவே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.