படைத்தளம் தந்த பாடம்

செல்வச் செழிப்புடன் விளங்கும் சிங்கப்பூரைப் பற்றிப் பேசும்போது, துறைமுகத்தையும் வானுயர்ந்த கட்டடங்களையும் நாம் முதலில் நினைவுகூர்கிறோம். ஆனால், இந்நகரம் தன் பிழைப்பையே இழந்துவிடுமோ என்று அஞ்சிய ஒரு காலமும் இருந்தது. அக்காலத்தை இன்று நாம் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடாயிற்று. மக்கள் தொகை 18 இலட்சத்திற்கு மேல், நிலமோ சிறிது, தண்ணீருக்கும் அண்டை நாட்டையே நம்பவேண்டிய நிலை. வேலை தேடி அலைந்த இளைஞரும் பலர். இந்த வேளையில், 1968 ஜனவரியில் பிரிட்டன் இடியென ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக அது கூறிற்று.

இதனால் என்ன நேரும்? நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. கப்பல் பட்டறைத் தொழிலாளி, எழுத்தர், சமையற்காரர், துணி வெளுப்பவர், தளத்திற்கு வெளியே கடை வைத்திருந்தவர் எனப் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதனால்தான் எரிந்தது.

அவர்களுள் நம்மவரும் கணிசமாக இருந்தனர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் நெடுங்காலம் உழைத்தனர். இன்று ஈசூனில் உள்ள புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், முதலில் அத்தளத்தின் அருகில் தொழிலாளர்களின் பக்தியால் எழுந்ததே. அதன் பங்குனி உத்திரத் திருவிழா இன்றும் அந்த நாள்களை நினைவூட்டுகிறது.

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. செம்பவாங் கப்பல் பட்டறை 1968இல் அடையாள விலையாக ஒரே ஒரு வெள்ளிக்குக் கைமாறியது. போர்க்கப்பல்களைப் பழுதுபார்த்த கைகள் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கலாயின. சாங்கி விமானத் தளம் இருந்த இடத்தில், கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தையும் சேர்த்து, 1981இல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. படையினர் தங்கியிருந்த பிளாக்கான் மாத்தித் தீவு, செந்தோசா என்னும் உல்லாசத் தீவாயிற்று. மற்றொரு பக்கம், ஜூரோங்கில் தொழிற்சாலைகள் பெருகின. மின்னணுப் பொருள் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து, பெண்களுக்கும் பெருமளவில் வேலை தந்தன.

1968 முதல் 1972 வரை ஒவ்வோர் ஆண்டும் பொருளாதாரம் 10 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் போய், வேலைக்கு ஆள் தேடும் காலம் வந்தது. மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு அரசாங்க அடுக்குமாடி வீட்டை வாங்கவும் 1968இல் வழி பிறந்தது. வாடகைக்கு இருந்தவன் வீட்டுக்குச் சொந்தக்காரனானான். நாட்டின் நன்மையில் அவனுக்கும் பங்கு கிடைத்தது.

ஆயினும், இந்த வெற்றிக்கு விலை இருந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் விடுமுறையையும் மிகைநேர ஊதியத்தையும் குறைத்தது. முதலீட்டாளரை ஈர்ப்பதற்காகத் தொழிலாளர் தம் உரிமைகளில் சிலவற்றை விட்டுக்கொடுத்தனர். தளத்தில் வேலை இழந்த இந்தியத் தொழிலாளர் பலரிடம் குடியுரிமை இல்லை. வேலையும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை என்ற நிலையில், கையில் கிடைத்த பணிக்கொடையுடன் அவர்கள் ஊர் திரும்பினர். இந்த மண்ணில் இளமையைச் செலவிட்டவர்கள், நகரம் செழித்தபோது அதைக் காண இங்கே இல்லை.

பிறர் விட்டுச் சென்றதை வீணாக்காமல் தனக்கு உரியதாக்கிக் கொண்டது சிங்கப்பூரின் மதிநுட்பம். அதை நாம் பாராட்டுவோம். ஆனால், ஒரு நாட்டின் வரலாற்றை வருமானக் கணக்கை மட்டும் வைத்து எழுதிவிட முடியாது. செழிப்பைக் கண்டவர்களோடு, அதற்கு அடித்தளமிட்டுவிட்டு அகன்றவர்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நம் கடமையன்றோ?