ஜரிகையும் ஃப்ரைஸும்

எங்க பிள்ளையார்பாளையத்தில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸைப் பார்த்ததும் பெரியவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதெல்லாம் நம்ம சாப்பாடாப்பா?" உருளைக்கிழங்கைப் பார்த்து இதே கேள்வியை நமக்கு முன்னாடியே கேட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

தென்னமெரிக்காவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த கிழங்கை, 18-ஆம் நூற்றாண்டிலும் பிரான்சில் பலர் பன்றித் தீவனமாகத்தான் பார்த்தார்கள். தொழுநோய் வரும் என்ற பயம் வேறு. ஏழாண்டுப் போரில் (1756–63) பிரஷ்யாவிடம் சிறைப்பட்ட அந்துவான் பார்மாந்தியே என்ற மருந்தாளுநருக்கு அங்கே கிடைத்தது அந்தக் கிழங்குதான். பஞ்சத்துக்கு உதவும் உணவு எது என்று பெசான்சோன் அகாதெமி 1771-இல் அறிவித்த போட்டியில், கிழங்குக்காக வாதாடிப் பரிசும் வாங்கினார். அரசர் கொடுத்த நிலத்தில் பயிரிட்டு, பகலில் காவல் போட்டு, ராத்திரியில் எடுத்துவிட்டார், ஜனங்கள் திருடிக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை உண்டு. கொத்துக்கறி மேல் மசித்த கிழங்கைப் பரப்பிச் சுடும் 'அஷி பார்மாந்தியே'யில் அவர் பேர் நிற்கிறது. தடிமனான ஃப்ரைஸுக்கோ பாரிஸின் பொன் நெஃப் பாலத்தின் பேர்.

நம்ம பக்கம், 1820-களில் ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் இதைப் பயிரிட வைத்தார். வீட்டில் பொடிமாஸாகவும் ஓட்டலில் மசால் தோசையாகவும் நுழைந்த கிழங்குக்குப் பல வீடுகளின் திவசச் சமையலில் இன்னும் இடமில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியிலும் காரத்துக்கு மிளகும் சுக்கும்தான். கிழங்கு போலவே கடல் தாண்டி வந்த மிளகாய் கிடையாது. ஆனா மிளகாயை அந்நியம் என்று சொல்லும் பெரியவரை நான் பார்த்ததில்லை.

ஃப்ரைஸ் ஒரு இன்ஜினியரிங் சிக்கலும்கூட. அதிகக் குளிரில் சேமித்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். எண்ணெயில் போட்டதும் கறுத்துப்போகும். நீர் குறைந்த, நீளமான ரகம் வேணும். 1996-இல் இந்தியாவுக்கு வந்த மெக்டொனால்ட்ஸ் முதலில் ஃப்ரைஸை இறக்குமதிதான் செய்தது. பிறகு மெக்கெய்ன் நிறுவனம் குஜராத்தின் மெஹ்சானாவில் ஆலை வைத்து, தகுந்த ரகங்களை அங்குள்ள விவசாயிகளைப் பயிரிட வைத்தது. இன்று இந்தியா ஃப்ரைஸை ஏற்றுமதி செய்கிறது.

குஜராத் என்றதும் எங்க ஊருக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும்: சூரத் ஜரிகை. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், காஞ்சிப் பட்டின் டிபென்டன்சி எல்லாம் வெளியூர். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி இரண்டையும் பூட்டுகிற கோர்வைதான் இங்கத்திய சரக்கு. அதற்குத் தறியில் இரண்டாவது ஆள் வேணும். அந்த ஆள் கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே போகிறது. "நம்மது" போய்விடுமோ என்று கவலைப்படுகிறவர்கள், ஃப்ரைஸை விட்டுவிட்டு அந்தக் காலி இடத்தைப் பார்க்கலாம்.